வேலியோரக் காட்டு ரோஜா: எது எந்த இனம் என்று பிரித்தறிவது எப்படி

ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் எந்தக் கிராமத்துப் பாதையில் நடந்தாலும் வேலிப் புதர்களில் ஐந்து இதழ் காட்டு ரோஜா பூத்துக் கிடக்கும். சிலது வெளிர் ரோஸ், சிலது வெள்ளை, அங்கங்கே அடர் ரோஸ். எல்லாவற்றையும் 'டாக் ரோஸ்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் பலருடைய வழக்கம், கைபேசி ஆப்பில் பூவைப் படம் எடுத்துப் போட்டாலும் எனக்குப் பெரும்பாலும் அந்தப் பதில்தான் வருகிறது. ஆனால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இயல்பாகவே வளரும் ரோஜா இனங்கள் ஒரு டஜனைத் தொடும், தோட்டத்திலிருந்து வெளியேறிக் காட்டில் குடியேறியவை அதற்கு மேல். இவற்றில் ஏழெட்டைப் பிரித்துச் சொல்ல தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. செடியில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பார்க்க வேண்டிய இடம் இதழ் இல்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அங்கேதான். டாக் ரோஸ், அதாவது ரோசா கனைனா, ஒரே இனமாக இருந்துகொண்டே வெள்ளையிலிருந்து நல்ல ரோஸ் வரைக்கும் எல்லா நிறத்திலும் பூக்கும், மொட்டில் ரோஸாக இருந்தது வெயிலில் இரண்டு நாளில் வெளுத்தும் போகும். அதனால் 'வெள்ளையாக இருக்கிறது, எனவே இது வேறு இனம்' என்று முடிவு கட்ட முடியாது. இதழை ஒதுக்கிவிட்டு ஐந்து இடங்களைப் பாருங்கள்: பூவின் நடு, தண்டின் முள், இலையின் அடிப்பக்கம், பூக்காம்பு, அப்புறம் மொட்டை மூடியிருந்த பச்சைப் புல்லி இதழ்கள். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது.

பூவின் நடுவிலிருந்து தொடங்குவோம், அங்கேதான் பதில் சட்டென்று கிடைக்கும். மஞ்சள் மகரந்தத் தாள்கள் வட்டமாக நிற்கும், அவற்றின் மத்தியில் பூவின் பெண் பாகமான சூல்தண்டுகள் இருக்கும். டாக் ரோஸில் அவை தனித்தனியாக, ஒரு சின்ன மேடு மாதிரி தாழ்வாக உட்கார்ந்திருக்கும். ஃபீல்டு ரோஸ் என்கிற ரோசா ஆர்வென்சிஸில் அத்தனை சூல்தண்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மெல்லிய தூணாக எழுந்து, மகரந்தத் தாள்களின் உயரத்துக்கு நிற்கும். பூவை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், தூண் தெரிந்தால் தொண்ணூறு சதவீத வேலை முடிந்தது. இதழ் உதிர்ந்த பிறகும் கவலையில்லை, பல காய்களில் அந்தத் தூண் காய்ந்துபோய் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஃபீல்டு ரோஸை உறுதிப்படுத்த வேறு அடையாளங்களும் உண்டு. பூ எப்போதும் வெள்ளை. தண்டு மெலிந்தது, தானாக நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல் தரையில் படரும், இல்லையென்றால் பக்கத்துப் புதர்மேல் சாய்ந்து ஏறும். வெயில் படும் பக்கத்தில் தண்டு ஊதாச் சாயலோடு இருக்கும். புல்லி இதழ்கள் குட்டையானவை, அவற்றிலும் அந்த ஊதாச் சாயல் உண்டு, ஓரத்தில் கிளைவிடுவது ரொம்பக் குறைவு. நிழலைத் தாங்கும் என்பதால் மரத்தோப்புக்கு உள்ளேயும் இதைப் பார்க்கலாம், டாக் ரோஸ் அப்படி இருட்டில் அவ்வளவாகப் பூக்காது. டாக் ரோஸ் பூத்து ஓயத் தொடங்கும் நேரத்தில்தான் இது உற்சாகமாகப் பூக்கும். தெற்கு இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய இடங்களில் தாராளமாகக் கிடைக்கும், ஸ்காட்லாந்தில் அரிது. நீலகிரி, பழனி மலைச் சோலைகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும் காட்டு ரோஜா, ரோசா லெஷனால்டியானா, இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான், அதிலும் சூல்தண்டுகள் ஒன்றாகச் சேர்ந்த தூண்தான். கொடைக்கானலில் அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அடையாளம் உடனே பிடிபடும்.

தூணைப் பார்த்ததும் ஃபீல்டு ரோஸ் என்று எழுதிவிடாமல் இன்னும் இரண்டை நினைவில் வையுங்கள். ஒன்று ரோசா மல்டிஃப்ளோரா, கிழக்காசியாவிலிருந்து வந்தது, தோட்ட ரோஜாக்களை ஒட்டுப்போட அடிச்செடியாகப் பயன்படுத்தியது. மேலே ஒட்டிய ரோஜா செத்தாலும் அடிச்செடி பிழைத்து வளர்ந்துவிடும். இதிலும் தூண் உண்டு, பூவும் வெள்ளை, ஆனால் பூக்கள் சின்னச் சின்னதாகப் பெரிய கொத்தில் வரும். உறுதியான சோதனை இலைக்காம்பின் அடியில் இருக்கிறது: அங்கே காம்போடு ஒட்டியிருக்கும் இலையடிச் செதிலைப் பாருங்கள், மல்டிஃப்ளோராவில் அதன் ஓரம் மெல்லிய நூல்களாகக் கிழிந்து தொங்கும், ஃபீல்டு ரோஸில் ஓரம் ஒழுங்காக இருக்கும். இன்னொன்று ரோசா ஸ்டைலோசா, தெற்குப் பகுதிகளில் மட்டும் கிடைப்பது. இதில் தூண் குட்டையானது, அது எழும்புகிற வட்டத் தட்டும் தட்டையாக இல்லாமல் கூம்பாக மேடு கட்டியிருக்கும், செடியின் உருவமோ டாக் ரோஸ் மாதிரி பருத்து வளைந்திருக்கும். செடியைத் தூரத்திலிருந்து பார்த்தால் டாக் ரோஸ், பூவைப் பக்கத்தில் பார்த்தால் பாதி ஃபீல்டு ரோஸ் என்று குழப்பினால் ஸ்டைலோசாவை யோசியுங்கள்.

சரி, தூண் இல்லை. அடுத்தது முள்.

முள்ளைப் பார்க்கும்போது எந்தத் தண்டில் பார்க்கிறோம் என்பது முக்கியம். அந்த ஆண்டு அடியிலிருந்து வேகமாகக் கிளம்பிய கொழுத்த தளிரிலும் பார்க்கக் கூடாது, பூ பூக்கிற மெல்லிய நுனிக் கிளையிலும் பார்க்கக் கூடாது. முற்றிய பெரிய தண்டின் நடுப்பகுதிதான் சரியான இடம். அங்கே எல்லா முள்ளும் ஒரே மாதிரி, அடி அகன்று கிளிமூக்காக வளைந்திருந்தால் டாக் ரோஸ் பக்கம் போகலாம். அந்த வளைவு செடிக்கு ஏறுவதற்கான கொக்கி, வேலியில் மாட்டிக்கொண்டு மேலே போக உதவுவது. முள் நேராக அல்லது லேசாக மட்டும் சாய்ந்திருந்தால் இலை மெத்தென்று இருக்கும் ரோஜாக்களின் பக்கம் போக வேண்டும், அவற்றைப் பிறகு சொல்கிறேன். ஒரே தண்டில் பெரிய வளைந்த முள், சின்ன முள், ஊசி ஊசியான மயிர்முள் என்று அளவு கலந்து கிடந்தால் ஸ்வீட் பிரையராக, அதாவது ரோசா ரூபிகினோசாவாக இருக்க நல்ல வாய்ப்பு.

முள்ளை வைத்தே ஒரே பார்வையில் தீர்ந்துவிடுகிற இரண்டு இனங்கள் உண்டு, இரண்டுமே கடற்கரையில் அதிகம். பர்னெட் ரோஸ், ரோசா ஸ்பைனோசிசிமா, முழங்கால் அளவுக்குத்தான் பெரும்பாலும் வளரும், மணல்மேட்டில் வேரிலிருந்து தளிர்விட்டுப் பரவும், தண்டு முழுக்க நேரான முள்ளும் மயிர்முள்ளும் இடைவெளியே இல்லாமல் அடர்ந்திருக்கும். சிற்றிலைகள் சின்னவை, வட்டமானவை, ஒரு இலையில் ஏழு, ஒன்பது, சிலவற்றில் பதினொன்று வரை. டாக் ரோஸில் ஐந்து அல்லது ஏழுதான். பூ பாலேட்டு வெள்ளை, காம்புக்கு ஒன்றாகத் தனியே இருக்கும், மே மாதமே தொடங்கிவிடும். ஆகஸ்டில் போனால் சந்தேகத்துக்கே இடமில்லை, இதன் காய் பழுத்தால் சிவப்பில்லை, கறுப்பு, நசுக்கினால் ஊதாச் சாறு வரும். கடற்கரையை விட்டுத் தள்ளி சுண்ணாம்புப் பாறை நிலங்களிலும் இது உண்டு, அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் பாறை இடுக்கெல்லாம் இதுதான்.

இன்னொன்று ரோசா ருகோசா. ஜப்பான், கொரியா, வடசீனா, ரஷ்யாவின் கிழக்குக் கடற்கரை என்று அதன் சொந்த ஊர் அங்கே. இங்கே அழகுக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் நட்டு, இப்போது மணல்மேடுகளில் தானாகவே பெரிய திட்டாகப் பரவி உள்ளூர்ச் செடிகளை மூடிவிடுகிறது. இலை தடித்து, நரம்புகள் ஆழப் பதிந்து, மேற்பரப்பு சுருக்கம் சுருக்கமாகப் பளபளக்கும். பூ மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது, அடர் ரோஸ் அல்லது வெள்ளை, வாசனை தூக்கலாக இருக்கும். காய் பெரிய தட்டையான உருண்டை, உச்சியில் நீண்ட புல்லி இதழ்கள் நிமிர்ந்து நிற்கும். பர்னெட் ரோஸும் ருகோசாவும் ஒரே மணல்மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது முள்ளடர்த்தியை மட்டும் பார்த்துக் குழம்பலாம், இலையின் அளவைப் பார்த்தால் குழப்பம் போய்விடும். 2010 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ருகோசாவைக் காட்டுப் பகுதியில் நடுவது சட்டப்படி குற்றம், ஆகவே அழகாக இருக்கிறதே என்று வேர்த்தளிரைக் கொண்டுபோய் வெளியில் எங்கேயும் ஊன்றாதீர்கள்.

இனி இலை. இங்கே கண்ணைவிட விரலும் மூக்கும்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு சிற்றிலையைக் கிள்ளி, அடிப்பக்கத்தை விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஆப்பிள் வாசனை வந்தால் அது ஸ்வீட் பிரையர் கூட்டம், வேறு எதற்கும் இந்த வாசனை இப்படித் தெளிவாக வராது. ரோசா ரூபிகினோசா இலையின் அடியில் பழுப்பு நிறச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும், விரலில் பிசுபிசுக்கும், லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு மினுங்கும் புள்ளி. மழை பெய்து ஓய்ந்த மாலையில் தேய்க்கவே வேண்டாம், புதரைத் தாண்டிப் போகும்போதே வாசனை வரும். எனக்கு இந்த நாட்டுக் காட்டுச் செடிகளில் மிகப் பிடித்தது இதுதான், பூவுக்காக இல்லை, இலைக்காகவே தேடிப் போவேன். நார்த் டவுன்ஸ், சில்டர்ன்ஸ் போன்ற சுண்ணாம்புக் குன்றுச் சரிவுகளில் தேடுங்கள். தென் அமெரிக்காவுக்குப் போன இதே இனம் சிலியில் காடாகப் பரவியிருக்கிறது, கடையில் விற்கும் ரோஸ்ஹிப் எண்ணெயில் பெரும்பகுதி அந்தப் புதர்களின் விதையிலிருந்து வருகிறது.

ஆப்பிள் வாசனை வந்தும் ஒரு முடிச்சு மிச்சம் இருக்கிறது, ஏனென்றால் ரோசா மைக்ராந்தாவும் அப்படித்தான் மணக்கும். பிரிப்பது இப்படி: ரூபிகினோசா நிமிர்ந்து வளரும், முள் அளவு கலந்திருக்கும், பூ பளிச்சென்ற ரோஸ், பூ முடிந்த பிறகு புல்லி இதழ்கள் நிமிர்ந்து காயோடு நெடுநாள் தங்கும். மைக்ராந்தாவின் தண்டு வில்லாக வளைந்து தாழும், முள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி, பூ வெளிர் ரோஸ், புல்லி இதழ்கள் பின்னால் மடங்கிக் காய் பழுப்பதற்கு முன்பே உதிரும். முள்ளையும் புல்லி இதழையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள்.

வாசனை ஆப்பிள் இல்லை, பிசின் மாதிரி ஒரு நெடி, இலை சாம்பல் பச்சை, இரண்டு பக்கமும் தொட்டால் மெத்தென்று இருக்கிறது என்றால் அது மென்மயிர் ரோஜாக் கூட்டம். இதில் மூன்று: ரோசா டொமென்டோசா, ரோசா ஷெரார்டீ, ரோசா மொல்லிஸ். தெற்கே டொமென்டோசா, வடக்கே போகப் போக மற்ற இரண்டும். டொமென்டோசாவில் பூ வெளிர் ரோஸ், காம்பு நீளம், முள் லேசாக வளைந்திருக்கும், புல்லி இதழ்கள் காய் பழுக்கும் முன் உதிரும். மொல்லிஸில் முள் நேர், பூ அடர் ரோஸ், காய்மேல் சுரப்பி மயிர்கள் குத்திட்டு நிற்கும், புல்லி இதழ்கள் நிமிர்ந்தபடி காய் அழுகும் வரை விழாது. ஷெரார்டீ இரண்டுக்கும் நடுவில் நிற்கும், அதைத் தனியே உறுதி செய்வது கடினமான வேலை, ஆரம்பத்தில் 'மென்மயிர் ரோஜா' என்று மட்டும் எழுதினாலே அது சரியான பதிவு.

இப்போது புல்லி இதழ்கள். டாக் ரோஸின் ஒரு பூவைத் திருப்பி ஐந்து புல்லி இதழ்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டுக்கு இரு ஓரமும் கிளைவிட்டிருக்கும், இரண்டுக்கு எந்த ஓரமும் கிளைவிட்டிருக்காது, மீதமுள்ள ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும். ஐந்து சகோதரர்கள், இருவருக்குத் தாடி, இருவருக்கு இல்லை, ஒருவனுக்குப் பாதித் தாடி என்று ஐரோப்பாவில் பழைய விடுகதையே உண்டு. காரணம் எளிது: மொட்டில் இவை ஒன்றின்மேல் ஒன்று மடிந்திருக்கின்றன, வெளியே தெரிந்த ஓரம் கிளைவிடும், அடுத்ததன் அடியில் மறைந்த ஓரம் விடாது. பர்னெட் ரோஸிலும் ருகோசாவிலும் ஐந்துமே கிளையில்லாமல் முழுசாக இருக்கும், ஆக இதுவும் ஒரு நல்ல சோதனை.

இன்னும் முக்கியமானது, பூ முடிந்த பிறகு இவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பது. டாக் ரோஸில் காம்பை நோக்கிப் பின்னால் மடங்கி, காய் சிவக்கும் முன் உதிர்ந்து, காய் மொட்டையாக நிற்கும். வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் டாக் ரோஸ் என்று தோன்றுகிற பல புதர்களில் அவை மேல்நோக்கி எழுந்து, காய் சிவந்த பிறகும் ஒட்டியிருக்கும். அவை ரோசா வோசாகியாக்கா அல்லது ரோசா சீசியா, வடக்கு டாக் ரோஸ்கள். முதலாவதன் இலை வழுவழுப்பு, இரண்டாவதன் இலை அடியில் மயிர் உண்டு. காம்பு குட்டையாக இருந்து பூவடிச் செதில்களுக்குள் மறைந்திருப்பதையும், சூல்தண்டு மேடு வெள்ளைக் கம்பளி மயிரோடு அகலமாக இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். காயின் உச்சியில் ஒரு வட்டத் தட்டும் அதன் நடுவில் ஒரு துளையும் இருக்கும், சாதாரண டாக் ரோஸில் அந்தத் துளை தட்டின் அகலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, வடக்கு இனங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை. இதற்குத்தான் லென்ஸ்.

இதனால்தான் ஒரே புதரை இரண்டு முறை பார்க்கச் சொல்கிறேன், ஜூனில் பூவுக்கும் சூல்தண்டுக்கும், செப்டம்பர் தொடக்கத்தில் காய்க்கும் புல்லி இதழுக்கும். ஒரு முறைதான் போக முடியும் என்றால் செப்டம்பரையே தேர்ந்தெடுங்கள், பூவில்லாமல் பிரிக்கலாம், காயில்லாமல் பல இனங்களைப் பிரிக்கவே முடியாது. காயைத் திறந்து பார்க்கிறவர்கள் உள்ளே இருக்கும் மயிரைத் தோலில் படவிடாதீர்கள், நன்றாக அரிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஆரஞ்சு வராமல் போய், வைட்டமின் சிக்காக இங்கே பிள்ளைகள் வேலிவேலியாகப் பறித்துக் கொடுத்த காய் இதுதான், சிரப் காய்ச்சும்போது அந்த மயிரைத் துணியில் நன்றாக வடிகட்ட வேண்டியிருந்தது. டாக் ரோஸ் கிளையில் சிவப்பும் பச்சையுமாகப் பாசி உருண்டை போல ஒன்று தெரிந்தால் அது காயும் இல்லை, தனி இனமும் இல்லை, ஒரு சின்னக் குளவி முட்டையிட்டதால் செடி உண்டாக்கிய கழலை.

எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் சில புதர்கள் எந்த விவரணையிலும் அடங்காது, காரணம் கலப்பு. இந்த ரோஜாக்கள் தாராளமாக ஒன்றோடொன்று கலக்கும், கலக்கும் விதமும் விசித்திரமானது. டாக் ரோஸுக்குக் குரோமோசோம் 35. சாதாரணமாகத் தாயும் தந்தையும் பாதிக்குப் பாதி கொடுக்க வேண்டும், இங்கே மகரந்தம் 7ஐ மட்டும் கொண்டுவரும், சூல்முட்டை 28ஐ வைத்திருக்கும். 1920களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார்கள். நமக்கு இதில் நேரடிப் பயன் உண்டு: பிறக்கும் செடி ஐந்தில் நான்கு பங்கு தாயைக் கொண்டிருக்கிறது, அதனால் கலப்புச் செடி தாய் இனத்தைப் போலவே இருந்து, ஒன்றிரண்டு அடையாளத்தில் மட்டும் தந்தையைக் காட்டும். டாக் ரோஸாகவே தெரியும் புதரில் லேசாக ஆப்பிள் வாசனை வந்தால் தாய் டாக் ரோஸ், தந்தை ஸ்வீட் பிரையராக இருக்கலாம். ஒரு அடையாளம் மட்டும் ஒட்டாமல் நின்றால் உங்கள் கண்மேல் சந்தேகப்படுவதற்கு முன், கலப்பா என்று யோசியுங்கள். காய் சரியாகக் கட்டாமல் பாதி உதிர்ந்திருப்பதும் கலப்புக்கு ஒரு குறிப்பு.

படம் எடுக்கும்போது முழுப் புதர், முற்றிய தண்டின் முள், சிற்றிலையின் அடிப்பக்கம், பூவைப் பக்கவாட்டிலும் பின்னாலும், காயும் காம்பும் என்று தனித்தனியாக எடுங்கள், அளவு தெரிய ஒரு நாணயத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாசனை படத்தில் வராது, அதை அங்கேயே எழுதிவிட வேண்டும். இடம், தேதி, மண் சுண்ணாம்பா மணலா என்பதும் சேரட்டும். பெயர் உறுதியாகாதபோது 'கனைனா கூட்டம்' என்று எழுதி, எந்த அடையாளம் பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள், அடுத்த செப்டம்பரில் அதே புதருக்குப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பில் இருக்கும்.